தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும்: றக்பி அவுஸ்திரேலியாவுக்கு ஒரு திறந்த மடல்

றக்பி அவுஸ்திரேலியாவின் பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம். 2024 மே 30ஆம் திகதி, மெல்பேர்ண் றெபெல்ஸ் அணிக்கு அந்தப் பருவத்துக்குப் பிறகு சுப்பர் றக்பி என்ற தொழில்முறைத் தொடரில் இடமில்லை என்று அறிவித்தீர்கள். அணியின் பணிப்பாளர்கள் உங்களுக்கு எதிராகச் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீங்கள் பதிலுக்கு அவர்கள் மீது எதிர்வழக்குத் தொடுத்தீர்கள். அந்த வழக்கில் யார் வெல்ல வேண்டும் என்று வாதாட இதை எழுதவில்லை. அதற்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். வழக்கு முடிந்தாலும் முடியாமல் நிற்கும் ஒரு விடயம் இருக்கிறது. அதை உங்களிடம் நேராகச் சொல்லவே இந்த மடல்.

நான் கண்டியில் வளர்ந்தவன். பிராட்பி கேடயத்துக்காகக் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரினிற்றிக் கல்லூரியும் றக்பியில் மோதும் நாளில் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, றகர் என்பது எண்பது நிமிட விளையாட்டு மட்டுமல்ல என்று விளக்க வேண்டியதில்லை. மெல்பேர்ணுக்கு வந்து குடியேறியபோது இந்த நகரத்தில் அந்த ஆட்டத்துக்கு இருந்த இடம் மிகச் சிறியது. குளிர்காலம் முழுவதும் ஃபுட்டி எனப்படும் அவுஸ்திரேலிய விதிக் காற்பந்துதான். வேலையிடத்திலும் தொடர்வண்டியிலும் வேறு பேச்சே கிடையாது. பிறகு 2011இல் றெபெல்ஸ் வந்தது. ஸ்ரேர்லிங் மோட்லொக் தலைவர், றொட் மெக்குயின் பயிற்றுநர், இங்கிலாந்திலிருந்து டனி சிப்ரியானி. முதல் ஆட்டத்தில் வராட்டாஸிடம் 43-0 என்று உதை வாங்கினோம். அதற்கு அடுத்த ஆட்டத்தில் கன்பெராவின் பிரம்பீஸை 25-24 என்று வென்றோம், கடைசி நேரத்தில் சிப்ரியானி அடித்த பெனால்ரியால். அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில் அணிக்கும் நகரத்துக்கும் ஓர் உறவு பிறந்தது.

அந்த உறவு இலாபக் கணக்கில் ஒருபோதும் சரியாக வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். 2024 ஜனவரியில் அணி நிர்வாகப் பொறுப்பாளர்கள் கைக்குப் போனபோது கடன் ஏறத்தாழ 23 மில்லியன் டொலர் என்று வெளியானது. அதில் பெரும் பங்கு வரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டியது. ஊழியர்களும் சிறு வியாபாரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களை மறந்துவிட்டு ரசிகர்களின் கண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமல்ல. கடன் பட்டவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். லீ கிளிஃபோர்ட் தலைமையில் முன்வந்தவர்கள் மேற்குப் புறநகரான ராணீற்றுக்கு அணியைக் கொண்டுபோய்க் காப்பாற்றுவதாகத் திட்டம் வைத்தார்கள். கடன் கொடுத்தவர்கள் அதற்கு இணங்கினார்கள். நீங்கள் அதை நம்பவில்லை. நம்பாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணங்களும் இருந்திருக்கலாம்.

ஆனால் அதே காலத்தில் சிட்னியின் வராட்டாஸ் அணி பணச் சிக்கலில் இருந்தது. அதை நீங்களே பொறுப்பேற்று நடத்தத் தொடங்கினீர்கள். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் பட்ட கடனைக் குடும்பம் சேர்ந்து சுமக்கிறது, இளையவன் பட்ட கடனுக்கு அவனை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்றால், வீட்டிலுள்ள மற்றவர்கள் காரணம் கேட்கத்தான் செய்வார்கள். வராட்டாஸைக் காப்பாற்றியது தவறு என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். எந்த அளவுகோல் கொண்டு அவர்களை அளந்தீர்களோ அதே கோலால் எங்களையும் அளந்தீர்களா? அந்த அளவுகோல் எழுத்தில் எங்கே இருக்கிறது? மெல்பேர்ணில் மட்டுமல்ல, பேர்த்திலும் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இது பழைய காயம்.

பேர்த்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் சபையில் இன்று இருப்பவர்களில் பலர் அன்று இல்லை.

2017 ஏப்ரலில், அப்போது அவுஸ்திரேலிய றக்பி ஒன்றியம் என்ற பெயரில் இருந்த உங்கள் நிறுவனம், ஐந்து அணிகளில் ஒன்று போக வேண்டும், அது பேர்த்தின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ் அல்லது றெபெல்ஸ், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முடிவு தெரியும் என்றது. முடிவு வந்தது ஓகஸ்ட் 11ஆம் திகதி. நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் இரண்டு நகர ரசிகர்கள் ஒருவர் அழிந்தால்தான் மற்றவர் பிழைக்கலாம் என்ற நிலையில் வைக்கப்பட்டார்கள். ஒருவரையொருவர் தேற்ற வேண்டியவர்கள் ஒருவர் கணக்கை மற்றவர் கிளறினார்கள். எவ்வளவு பேர் வருகிறார்கள், எவ்வளவு வீரர்களை உருவாக்கினீர்கள், எவ்வளவு கடன் என்று. அந்தக் கசப்பை ரசிகர்களாக நாங்கள் உண்டாக்கவில்லை.

ஃபோர்ஸ் 2005இல் உருவாகி 2006இல் களமிறங்கிய அணி. 2016இல் அவர்கள் பணநெருக்கடியில் விழுந்தபோது உங்கள் நிறுவனம் கைகொடுத்தது; அணியின் உரிமம் உங்கள் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டே அந்த உரிமம் உங்களிடம் இருந்ததுதான் அவர்களை வெட்டுவதை இலகுவாக்கியது. உதவி கேட்டு வந்தவனின் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அந்தத் திறப்பாலேயே பூட்டினால், இன்னொரு முறை யார் உங்களிடம் உதவி கேட்டு வருவார்கள்? றெபெல்ஸின் உரிமமோ அதே ஓகஸ்டில் தனியார் உரிமையாளரிடமிருந்து ஒரு டொலருக்கு விக்டோரிய றக்பி ஒன்றியத்துக்குப் போயிருந்தது. ஆக, யாரை வெட்டலாம் என்பதைத் தீர்மானித்தது ஆட்டமோ கூட்டமோ அல்ல. உரிமப் பத்திரம் யார் மேசையில் இருந்தது என்பதுதான்.

மேற்கு அவுஸ்திரேலியர்கள் சும்மா இருக்கவில்லை. நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். ஒளிபரப்பு ஒப்பந்தக் காலம் முழுவதும் அணிக்கு இடம் உண்டு என்று தங்களுக்கு வாக்குறுதி இருப்பதாக வாதிட்டார்கள். தோற்றார்கள். நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தார்கள். 2017 செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கும் தோற்றார்கள். சுரங்கத் தொழிலதிபர் அன்ரூ ஃபொறெஸ்ற் கோடிக்கணக்கில் பணத்தோடு முன்வந்தும் மனம் மாறவில்லை. ஜூலையில் நடந்த கடைசி வீட்டு ஆட்டத்தில் ஃபோர்ஸ் வராட்டாஸை 40-11 என்று வென்றது. நீண்டகாலத் தலைவர் மற் ஹொட்ஜ்சனுக்கு அது விடைபெறும் ஆட்டம். நீலச் சட்டைகளோடு வந்தவர்கள் ஆட்டம் முடிந்த பிறகும் கலையாமல் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும், அது தோற்கப் போகிற வழக்கின் கூட்டமாகத் தெரிந்திருக்காது.

சட்டப்படி நீங்கள் வென்றீர்கள். செனற் சபை விசாரணை வைத்தது, அறிக்கை வந்தது, அதுவும் எதையும் மாற்றவில்லை. ஆனால் 2020இல் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டு, நியூசிலாந்தோடு விளையாட முடியாமல் போனபோது, உள்நாட்டுத் தொடருக்கு உங்களுக்கு ஐந்தாவது அணி தேவைப்பட்டது. ஃபோர்ஸைக் கூப்பிட்டீர்கள். அவர்கள் இருந்தார்கள்! அணி இல்லாமலாக்கப்பட்ட மூன்று ஆண்டுகளும் ஃபொறெஸ்றின் பணமும் பேர்த் ரசிகர்களின் பிடிவாதமும் அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தன. இன்றும் அவர்கள் சுப்பர் றக்பி பசிபிக்கில் ஆடுகிறார்கள். நீதிமன்றத்தில் நீங்கள் வென்ற வழக்கின் தீர்ப்பு இன்று ஒரு காகிதம். தோற்ற அணி களத்தில் நிற்கிறது.

இதுதான் நான் சொல்ல வந்தது. இது ஒரு தடவை நடந்த தற்செயலும் அல்ல.

சிட்னியில் உங்கள் அலுவலகத்திலிருந்து றெட்பெர்ன் அதிக தூரமில்லை. அங்கே ஆடுவது றக்பி லீக், பதின்மூன்று பேர் ஆட்டம், உங்கள் ஆட்டமல்ல என்பீர்கள். இருக்கட்டும். சவுத் சிட்னி றபிட்டோஸ் 1908 ஜனவரியில் றெட்பெர்ன் நகர மண்டபத்தில் தொடங்கிய கழகம். 1971க்குள் 20 தடவை சம்பியன். 1990களில் ஊடக அதிபர் முர்டொக்கின் நியூஸ் லிமிற்றெட் நடத்திய சுப்பர் லீக் போரில் லீக் ஆட்டமே இரண்டாக உடைந்து, பிறகு 1997 இறுதியில் சமாதானம் செய்துகொண்டபோது, 2000ஆம் ஆண்டுக்குள் 14 அணிகள் மட்டுமே என்று பேசி முடித்தார்கள். மைதானத்துக்கு எவ்வளவு பேர் வந்தார்கள், எவ்வளவு வருமானம், எத்தனை வெற்றி என்று புள்ளி போட்டு, 1999 ஒக்டோபரில் சவுத் சிட்னியை வெளியேற்றினார்கள். பல்மெயினும் வெஸ்ரேர்ன் சபேர்ப்சும் இணைந்தன. சென்ற் ஜோர்ஜும் இல்லவாராவும் இணைந்தன. நோர்த் சிட்னி மான்லியோடு சேர்ந்து, சில ஆண்டுகளில் முதல் தரத்திலிருந்து மறைந்தே போனது. சவுத் சிட்னியின் தலைவர் ஜோர்ஜ் பிக்கின்ஸ் மட்டும் இணைய மாட்டோம் என்றார். அவர் அந்தக் கழகத்துக்காக விளையாடியவர். அடிபட்டு எழும்புவது அவருக்குப் புதிதல்ல.

வழக்குப் போட்டார்கள். செலவுக்கு ரசிகர்கள் பணம் சேர்த்தார்கள். 2000 நவம்பர் 3இல் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிபதி ஃபின், சவுத் சிட்னிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அந்த இடத்தில் அடங்கிப் போயிருப்பார்கள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 12ஆம் திகதி, சிட்னித் தெருக்களில் சிவப்பும் பச்சையுமாக ஏறத்தாழ 80,000 பேர் நடந்தார்கள். அணியே இல்லாத ஒரு கழகத்துக்காக! அந்த வாரம் அவர்களுக்கு ஆட்டம் இல்லை, அடுத்த வாரமும் இல்லை, இனி எப்போதாவது உண்டா என்றும் தெரியாது. றெட்பெர்னின் பழங்குடி மக்கள் வந்தார்கள், பாட்டன் காலத்திலிருந்து அந்தச் சட்டையைப் போட்ட தொழிலாளர் குடும்பங்கள் வந்தன, வேறு அணிகளின் ரசிகர்கள்கூடத் தங்கள் நிறத்தோடு வந்தார்கள்.

2001 ஜூலை 6இல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் சவுத் சிட்னி பக்கம் நின்றார்கள். 14 அணி என்ற உடன்பாடு வணிக நடைமுறைகள் சட்டம் தடுக்கும் ஒதுக்கல் என்றார்கள். 2002இல் அணி திரும்பியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. நியூஸ் லிமிற்றெட் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போனது. 2003 ஓகஸ்டில் அங்கே ஐந்து நீதிபதிகளில் நால்வர் நியூஸ் லிமிற்றெட் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி கேர்பி மட்டும் மாறுபட்டார். அதாவது, சட்டத்தின் கடைசி வார்த்தையின்படி சவுத் சிட்னி தோற்றது. வெளியேற்றியது சட்டவிரோதமல்ல என்பதுதான் இன்றும் நிற்கும் தீர்ப்பு. பலர் இதை மறந்துவிட்டார்கள்; நீதிமன்றம் அந்தக் கழகத்தைக் காப்பாற்றியது என்றே பேசிக்கொள்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை மறுபடி வெளியே தள்ள எவரும் துணியவில்லை. 80,000 பேர் நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எப்படித் துணிவார்கள்? 2003இலும் 2004இலும் 2006இலும் சவுத் சிட்னி கடைசி இடம். அப்போதும் ரசிகர்கள் போகவில்லை. 2006இல் நடிகர் ரசல் குரோவும் தொழிலதிபர் பீற்றர் ஹொம்ஸ் அ கோட்டும் 75 வீதப் பங்கை வாங்கினார்கள். 2014 ஒக்டோபர் 5ஆம் திகதி, 83,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், கன்ற்றபெரியை 30-6 என்று வென்று, 43 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தைத் தூக்கினார்கள். முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்த சாம் பேர்ஜஸ் கடைசி வரை ஆடினார். புள்ளிக் கணக்குப் போட்டு வேண்டாம் என்று முடிவுகட்டிய ஒரு கழகம் அது.

நீதிமன்றம் கேட்பது ஒரே கேள்வி: இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? பேர்த்திலும் றெட்பெர்னிலும் கடைசி விடை ‘இருந்தது’ என்பதே. மெல்பேர்ணிலும் அப்படியே வரலாம். ஆனால் செய்திருக்கலாமா, வேறு வழி இருந்ததா, யாரைக் கேட்டீர்கள் என்பதெல்லாம் நீதிமன்றத்தின் வேலையல்ல. அந்தக் கேள்விகள் உங்களிடம்தான் இருக்கின்றன. வழக்கில் வென்றால் அவை தீர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

மெல்பேர்ண் என்ன இழந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘அங்கே றக்பிக்கு ஆளில்லை’ என்ற பேச்சு சிட்னியில் சுலபமாக எழுகிறது. எங்கள் மேற்குப் புறநகர்களிலும் டண்டினோங் பக்கமும் சமோவா, தொங்கா, பீஜி, மாவோரிக் குடும்பங்கள் நிறைய. சனிக்கிழமை காலைகளில் அந்தப் பிள்ளைகள் விளையாடும் மைதான ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ராப் வலற்றீனி இந்த மேற்குப் பகுதியில் வளர்ந்தவர். நாட்டின் சிறந்த றக்பி வீரருக்கான ஜோன் ஈல்ஸ் பதக்கம் வென்றார். ஃபிராங்ஸ்ரனில் பிறந்து றெபெல்ஸுக்கு ஆடிய சியோனி துய்புலொத்து ஸ்கொட்லாந்தின் தலைவரானார். 2025இல் பிரித்தானிய, அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் அணியின் சட்டையோடு பிறிஸ்பேணில் உங்களுக்கு எதிராகவே களமிறங்கினார். நீங்கள் வளர்க்காமல் விட்டாலும் இந்த மண் வீரர்களைத் தந்துகொண்டுதான் இருக்கும். அவர்கள் எந்த நாட்டுக்கு ஆடுவார்கள், எந்த ஆட்டத்தை ஆடுவார்கள் என்பதே கேள்வி. லீக்கில் மெல்பேர்ண் ஸ்ரோர்ம் இதே நகரில்தான் இருக்கிறது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

றெபெல்ஸ் கலைந்தபோது கெலவேயும் துப்போவும் வராட்டாஸுக்குப் போனார்கள், டௌகுனுவும் சலகாயா-லோற்றோவும் குயின்ஸ்லாந்துக்குப் போனார்கள். பெயர் பெற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. 2018இல் பெண்களுக்கான சுப்பர் டபிள்யூ தொடர் தொடங்கிய நாளிலிருந்து ஆடிய எங்கள் பெண்கள் அணியும் சேர்ந்தே மறைந்தது. 2025இல் அந்தத் தொடர் ஐந்து அணிகளோடு நடந்தது. அவர்கள் மில்லியன் டொலர் கடன் எதுவும் வாங்கியவர்கள் அல்லர். வேலைக்குப் போய்வந்து இரவில் பயிற்சி செய்தவர்கள். 2029இல் பெண்கள் உலகக் கிண்ணத்தை இங்கே நடத்தப் போகும் நாட்டில், இரண்டாவது பெரிய நகரத்துப் பெண்களுக்கு ஓர் அணி இல்லை என்பதை எப்படி விளக்குவீர்கள்?

2025 ஜூலை 26ஆம் திகதி எம்.சி.ஜி. எனப்படும் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் நானும் இருந்தேன். 90,000க்கும் மேற்பட்டோர். அவுஸ்திரேலிய தேசிய அணியான வலபீஸ் 23-5 என்று முன்னிலை பெற்றது, கடைசி நிமிடத்தில் கியூகோ கீனனின் ட்ரையால் 29-26 என்று லயன்ஸ் வென்றது. சிவப்புச் சட்டைக்காரர்கள் நிறையப் பேர் கடல் தாண்டி வந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் பொன்னிறச் சட்டையோடு கத்தியவர்களில் இந்த நகரத்தவர்கள் ஏராளம். எங்கள் வரிசையில் இருந்த சமோவாக்காரர் ஒருவர், இரண்டு மகன்களோடு வந்தவர், பழைய றெபெல்ஸ் தொப்பி போட்டிருந்தார். பிள்ளைகள் இப்போது எங்கே விளையாடுகிறார்கள் என்று கேட்டேன். மூத்தவன் லீக்குக்குப் போய்விட்டான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தின் நுழைவுச்சீட்டுப் பணம் உங்களுக்குப் பெரிதும் உதவியிருக்கும். 2027 உலகக் கிண்ண ஆட்டங்களுக்கும் இந்த நகரத்தையே தெரிவு செய்திருக்கிறீர்கள். சர்வதேச ஆட்டத்துக்குப் போதுமான நகரம், வாராந்த ஆட்டத்துக்கு மட்டும் போதாதா?

நான் கேட்பது பெரிய விடயங்கள் அல்ல. 2024இல் எங்கள் அணி பற்றிய முடிவுக்கு நீங்கள் பயன்படுத்திய அளவுகோலை, வழக்கு எப்படி முடிந்தாலும், வெளியிடுங்கள். மற்ற நான்கு அணிகளும் அதே கோலில் எங்கே நிற்கின்றன என்பதையும் சேர்த்தே வெளியிடுங்கள். கடன் யாரால் எப்படி ஏறியது என்பதில் றெபெல்ஸ் நிர்வாகத்தின் தவறு வெளியே வருமென்றால் வரட்டும். அதையும் அறிய எங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள் அணியை ஆண்கள் அணியின் வழக்கோடு கட்டிப்போடாதீர்கள். அதை அடுத்த பருவத்திலேயே திருப்பித் தர முடியும். உலகக் கிண்ணம் முடிந்த பிறகு மெல்பேர்ணுக்கு மறுபடி ஓர் ஆண்கள் அணி வருவதற்கு என்ன நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்: எவ்வளவு மூலதனம், எத்தனை அங்கத்தவர்கள், எந்த மைதானம். இலக்குத் தெரிந்தால் ஓடுவோம்.

இன்னொன்று, இது எங்களுக்காக அல்ல, கன்பெராவுக்கும் பிறிஸ்பேணுக்கும் பேர்த்துக்குமாக. இனி ஓர் அணியை நிறுத்த நினைத்தால், குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே அங்கத்தவர்களுக்குச் சொல்லி, அவர்கள் பேசக் கேட்டு, பிறகு வாக்கெடுங்கள். பருவத்தின் கடைசி வாரங்களில், வீரர்கள் தங்கள் முதல் சுப்பர் றக்பி பசிபிக் காலிறுதிக்குத் தயாராகும் நேரத்தில் அறிவிக்காதீர்கள். எங்கள் பையன்கள் அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு வெலிங்டனுக்குப் போய் ஹரிக்கேன்ஸை எதிர்கொண்டார்கள்.

இந்த மடலுக்கு வழக்கறிஞர் மூலம் பதில் வேண்டாம். சபையில் ஒருவர் மெல்பேர்ணுக்கு வாருங்கள். மண்டபம் ஒன்றை நாங்களே ஒழுங்கு செய்கிறோம். ஒரு மாலைப் பொழுது, கேள்விகளும் பதில்களும் மட்டும். திகதியை நீங்களே சொல்லுங்கள்.

அன்புடனும் மாறாத பற்றுடனும்,
மெல்பேர்ண் றெபெல்ஸ் ரசிகன் ஒருவன்